ஏற்காட்டு வீட்டுப் பரணில் கிடைத்த பழைய சாமான்கள்: ஆன்லைன் ஏலத்தில் போட்டால் விலை போகுமா?

#1 செம்மடுவு

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தாத்தா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். அவர் இருந்த வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம். பரணிலிருந்து இறக்கியதில் பித்தளைக் குழாய் வைத்த கிராமபோன் ஒன்று, ஒரு டிரங்குப் பெட்டி நிறைய 78 சுற்று இசைத்தட்டுகள், தோல் உறையோடு ஒரு மடக்குக் கேமரா, தபால்தலை ஆல்பம், சுருக்குப் பை நிறையப் பழைய காசு எல்லாம் இருக்கின்றன.

சேலத்திலிருந்து ஒரு பழைய சாமான் வியாபாரி வந்து பார்த்தார். மொத்தத்துக்கும் 15,000 ரூபாய் தருகிறேன் என்றார். கிராமபோனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிரங்குப் பெட்டியை மட்டும் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார். அதில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

என் தம்பி, "ஆன்லைன் ஏலத்தில் போடு, நான் வேறொரு பெயரில் வந்து விலையை ஏற்றிவிடுகிறேன்" என்கிறான். இதெல்லாம் எப்படி நடக்கிறது, எங்கே போடுவது, என்ன விலையில் தொடங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 தட்டுவடை செட்

அக்கா, முதலில் தம்பியிடம் போனை வாங்கி வையுங்கள். சொந்தக்காரரையோ நண்பரையோ விட்டுச் சொந்தப் பொருளுக்கு விலை கேட்க வைப்பது எல்லாத் தளத்திலும் தடை. ஈபே என்ற பன்னாட்டு ஏலத் தளத்தில் மாட்டினால் கணக்கே போய்விடும். நம் ஊர் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் ஏலக் குழுக்களில் விதி இன்னும் கடுமை. அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒரு தடவை பெயர் கெட்டால் அடுத்து நீங்கள் தங்கத்தைப் போட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. தம்பியே கடைசி ஆளாக நின்றுவிட்டால் வாங்க வந்தவரும் போய்விடுவார், தளத்துக்குக் கமிஷனும் தண்டம்.

எங்கே போடுவது என்றால், ஈபேயின் இந்தியத் தளம் 2018லேயே மூடியாகிவிட்டது. இங்கிருந்து ஈபேயின் அமெரிக்கத் தளத்தில் கணக்கு தொடங்கி வெளிநாட்டுக்கு விற்கலாம், பணம் பேயோனியர் என்ற பணப் பரிமாற்ற நிறுவனம் வழியாக வரும். உள்நாட்டில் என்றால் இசைத்தட்டு, காசு, தபால்தலை, தீப்பெட்டிப் படம் என்று தனித்தனிச் சேகரிப்பாளர் குழுக்கள் இருக்கின்றன. அங்கே ஞாயிறு தோறும் ஏலம் நடக்கும். பெரிய காசுகளுக்கு மும்பை, பெங்களூரு, அகமதாபாத்தில் ஏல நிறுவனங்களே இருக்கின்றன, இணையத்திலேயே கேட்கலாம். ஓஎல்எக்ஸ் வேறு விஷயம், அது ஏலம் இல்லை, பேரம்.

#3 கொலுசுப் பட்டறை

சிவதாபுரத்திலிருந்து எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரே விதி இதுதான்: விலை தெரிந்த சரக்கை ஏலத்தில் போடாதீர்கள், விலை தெரியாததைப் போடுங்கள்.

எங்கள் தொழிலில் சில இளைஞர்கள் வெள்ளிக் கொலுசை ஆன்லைன் ஏலத்தில் போட்டுப் பார்த்தார்கள். வெள்ளி என்ன விலை என்று காலையில் எல்லார் போனிலும் வந்துவிடுகிறது. எடை தெரியும், கூலியும் சேதாரமும் தெரியும். இதில் யார் எதற்குப் போட்டி போடுவார்? எடை விலையை எட்டும் முன்பே கேட்பு நின்றுவிடும். கொலுசுக்கு விலைச்சீட்டுதான் சரி. உங்கள் டிரங்குப் பெட்டி அப்படி இல்லை. அதில் இருப்பது ஐம்பது ரூபாயா ஐயாயிரமா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்த இரண்டு பேர் எங்கோ இருக்கிறார்கள். அவர்களைச் சந்திக்க வைப்பதற்குத்தான் ஏலம்.

#4 அஸ்தம்பட்டி ரேடியோ

அம்மா, அந்த வியாபாரி பெட்டியைத் திறந்து திறந்து மூடியது காரணமில்லாமல் இல்லை. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

78 சுற்றுத் தட்டு பிளாஸ்டிக் அல்ல. அரக்கும் கல்பொடியும் கலந்து அச்சடித்தது. கீழே விழுந்தால் அப்பளம்தான். முக்கியமாக, தூசி துடைக்கிறேன் என்று ஸ்பிரிட், சானிடைசர் எதையும் தொடாதீர்கள். அரக்கு ஆல்கஹாலில் கரையும், பாட்டும் சேர்ந்து கரையும். மெல்லிய துணியை வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, நடுவில் ஒட்டிய காகிதச் சீட்டு நனையாமல், பள்ளம் போகும் திசையிலேயே துடைத்து, உடனே ஈரத்தை ஒற்றி எடுங்கள். படுக்க வைத்து அடுக்காதீர்கள். புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள்.

அடுத்தது விலை. எல்லோரும் நினைப்பதற்கு நேர் எதிராக இருக்கும். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய சினிமாப் பாட்டுத் தட்டுகள் இன்றும் வீட்டுக்கு வீடு கிடக்கின்றன. அதனால் அவற்றுக்குப் பெரிய விலை இல்லை. நீங்கள் பெயரே கேள்விப்படாத நாகஸ்வரக்காரர், ஒரே ஒரு தட்டு கொடுத்துவிட்டுக் காணாமல் போன நாடக நடிகர், கிராமியப் பாட்டு, ஹாஸ்யத் தட்டு இவற்றில்தான் போட்டி நடக்கும். கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் போன்றவர்களுக்கு எப்போதும் ஆள் உண்டு, அது வேறு. கேட்பவர்கள் சென்னையில் மட்டும் இல்லை, மலேசியா, சிங்கப்பூர், இலங்கையிலும் இருக்கிறார்கள். தமிழே தெரியாமல் உலகத்துப் பழைய இசையைச் சேர்க்கும் வெள்ளைக்காரர்களும் இருக்கிறார்கள், அவர்கள் நாகஸ்வரத்துக்கு உயிரை விடுவார்கள்.

நாளைக்கு ஒவ்வொரு தட்டையும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். சீட்டில் உள்ள கம்பெனிப் பெயர், எண், பாடகர் பெயர் படிக்கும்படி இருக்க வேண்டும். சீட்டுக்கு வெளியே, தட்டிலேயே சின்னதாக ஒரு எண் இருக்கும், அதுவும் தெரிய வேண்டும். சேகரிப்பவர்கள் பாடகர் பெயரைவிட அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

#5 செம்மடுவு

ரொம்ப நன்றி ஐயா. சானிடைசர் பாட்டிலைக் கையில் எடுத்திருந்த நேரத்தில் உங்கள் பதில் வந்தது! கிராமபோனை ஏன் அந்த வியாபாரி பார்க்கவில்லை? எங்களுக்கு அதுதான் பெரிய பொருளாகத் தெரிகிறது. ஹெச்.எம்.வி. நாய் படம்கூட இருக்கிறது.

#6 அஸ்தம்பட்டி ரேடியோ

படம் பார்த்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், மனசு கஷ்டப்படக் கூடாது. பளபளக்கும் பித்தளைக் குழாய் வைத்து, நாய் படம் ஒட்டி, சுற்றுலாப் பயணிகளுக்கு விற்பதற்கென்றே நம் நாட்டில் பல வருடமாகக் கிராமபோன் செய்கிறார்கள். உள்ளே ஏதோ ஒரு பழைய பெட்டிக் கிராமபோனின் மோட்டார், வெளியே எல்லாம் புதுசு. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்தியாவிலிருந்து குழாய்க் கிராமபோன் என்றாலே பக்கத்தை மூடிவிடுகிறார்கள்.

பெட்டியின் மூலைகளில் மரம் எப்படி இணைத்திருக்கிறது, ஊசி பிடிக்கும் வட்டத் தலையில் என்ன பெயர் பொறித்திருக்கிறது, தட்டு சுழலும் மேடைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று படம் போடுங்கள். தாத்தா பிற்காலத்தில் யாரிடமோ வாங்கியிருக்கலாம். அப்படி இருந்தால் "அலங்காரப் பொருள், பாடும்" என்று உள்ளூரிலேயே விற்றுவிடுங்கள். ஏற்காட்டில் ரிசார்ட் வைத்திருப்பவர்கள் வரவேற்பறைக்கு வாங்குவார்கள்.

#7 குகை நாணயம்

காசு விஷயத்துக்கு நான் வருகிறேன். அந்தச் சுருக்குப் பையை அம்மா கையில் கொடுத்துவிடாதீர்கள். புளி, சாம்பல், எலுமிச்சை எதுவும் படக் கூடாது. செம்புக் காசின் மேல் காலம் ஏற்றிய கருப்புப் படிவுக்குத்தான் சேகரிப்பவர் பணம் கொடுக்கிறார். தேய்த்துப் பளபளவென்று ஆக்கிய காசு பாதி விலைக்குப் போனாலே அதிகம். ஊரில் எத்தனை நல்ல காசு இப்படி பூஜைக்கு வைத்த செம்பு மாதிரி ஆகிவிட்டது என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

இரண்டாவது, சட்டம். 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். அதைத் தனியார் யாரும் நாட்டை விட்டு அனுப்ப முடியாது. கம்பெனி காலத்து கால் அணாவை ஈபேயில் போட்டு லண்டனுக்கு அனுப்பினால் அது குற்றம். உள்நாட்டில் விற்கலாம், தொழிலாகவே செய்தால் உரிமம் வேண்டும். பழைய கையெழுத்துப் பிரதி, ஓலைச்சுவடி பெட்டியில் இருந்தால் இன்னும் கவனம். அதற்கு 75 வருடமே போதும். உங்கள் இசைத்தட்டுகள் பெரும்பாலும் 1930க்குப் பிறகு இருக்கும், கவலை இல்லை. பார்க்க ரொம்பப் பழையதாக இருக்கும் பொருளை அனுப்புவதாக இருந்தால், இது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டில் சந்தனக் கட்டைப் பொம்மை, தந்தப் பிடி வைத்த கத்தி என்று ஏதாவது இருக்கிறதா? எஸ்டேட் வீடு என்பதால் கேட்கிறேன். தந்தத்தை எந்த ஏலத்திலும் போட நினைக்கவே வேண்டாம்.

மூன்றாவது, டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சம் தருகிறோம் என்று யூடியூபில் வரும். முதலில் பதிவுக் கட்டணம், அப்புறம் வரி, அப்புறம் கமிஷன் என்று உங்களிடம்தான் கறப்பார்கள். ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

#8 லீ பஜார்

எல்லோரும் என்ன விற்கலாம் என்றே பேசுகிறீர்கள். என்ன விலையில் தொடங்குவது என்று அவர் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. இந்த இணையத்து ஆட்கள் "ஒரு ரூபாயில் தொடங்கு, கூட்டம் வரும்" என்பார்கள். நம்பாதீர்கள்.

நான் மஞ்சள் ஏலத்தில் வளர்ந்தவன். வியாபாரி சாம்பிளை ஒடித்துப் பார்த்து, ஈரம் பார்த்து, நிறம் பார்த்து விலை போடுவார். அன்றைக்குக் கட்டுபடி ஆகவில்லை என்றால் விவசாயி "தரவில்லை" என்று சொல்லிவிட்டு மூட்டையை வைத்துக்கொள்ளலாம். அடுத்த ஏலத்துக்கு வருவார். இணையத்தில் அந்த உரிமை இல்லை. ஒரு ரூபாயில் தொடங்கி நாற்பது ரூபாயில் நின்றால் நாற்பதுக்கே கொடுத்தாக வேண்டும். அதனால் அடக்க விலையைப் போட்டே தொடங்குங்கள்.

#9 தட்டுவடை செட்

லீ பஜார் அண்ணா, அடக்க விலை என்ன? தாத்தா பரணில் போட்டதற்கு என்ன அடக்கம்? மஞ்சளுக்கு நேற்றைய விலை என்று ஒன்று இருக்கிறது, இதற்கு இல்லை. உயர்ந்த விலையில் தொடங்கினால் யாரும் முதல் விலை கேட்பதில்லை, ஏழு நாளும் பூஜ்யம் என்றே தெரியும். பூஜ்யத்தைப் பார்ப்பவன் "இதில் ஏதோ குறை" என்று நகர்ந்துவிடுவான். குறைந்த விலையில் தொடங்கினால் முதல் நாளே நாலு பேர் கை தூக்குவார்கள். ஒரு தடவை கேட்டவனுக்கு அது பாதி தன்னுடையது என்ற எண்ணம் வந்துவிடும், விட மாட்டான்.

#10 லீ பஜார்

நாலு பேர் வந்தால் சரி. ஒருத்தன் மட்டும் வந்தால்?

#11 கணக்கு வாத்தியார்

இரண்டு பேர் சொல்வதும் சரிதான், வேறு வேறு பொருளுக்கு. கணக்காகப் பார்ப்போம்.

ஈபேயில் கேட்பவர் தன் உச்ச விலையை ரகசியமாகக் கொடுத்துவிடுகிறார். அவருக்காக இயந்திரம் தேவையான அளவு மட்டும் ஏற்றுகிறது. உங்கள் தட்டு 10 டாலரில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 90 வரை போகத் தயார், இன்னொருவர் 55 வரை. எவ்வளவுக்கு விற்கும்? 90க்கு அல்ல, 56க்கு. இரண்டாவது ஆளை ஒரு படி தாண்டியதும் நின்றுவிடும். 80 வரை போகக்கூடிய மூன்றாவது ஆள் வந்தால் 81. அந்த 90 டாலர்காரர் மட்டும் தனியாக வந்தால் 10 டாலருக்கே எடுத்துப்போவார்.

ஆகவே விலையை முடிவு செய்பவர் ஜெயித்தவர் அல்ல, தோற்றவர். இதைப் பொருளாதாரக் கணிதமாக 1961இல் எழுதியவர் வில்லியம் விக்ரி. 1996இல் நோபல் பரிசு அறிவித்த சில நாளிலேயே இறந்துவிட்டார், பாவம். ஆனால் அவருக்கு முன்பே, 19ஆம் நூற்றாண்டிலேயே, தபால்தலை வியாபாரிகள் கடிதம் வழியாக இதே முறையில் ஏலம் நடத்தியிருக்கிறார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு. தேடுபவர் பலர் இருக்கும் பொருளுக்குக் குறைந்த விலையில் தொடங்கலாம், போட்டி பார்த்துக்கொள்ளும். உலகத்திலேயே மூன்று பேர் மட்டும் தேடும் பொருளுக்குத் தொடக்க விலையே விற்பனை விலையாகிவிடக்கூடும். அதற்கு லீ பஜார் சொல்வதுதான் வழி: இதற்குக் குறைந்து கொடுக்க மனசில்லை என்ற தொகையில் தொடங்குங்கள். ரகசியக் குறைந்தபட்ச விலை வைக்கும் வசதியும் இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணம், கேட்பவர்களுக்கும் அது பிடிப்பதில்லை.

எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஈபேயில் "விற்றவை" என்று வடிகட்டிப் பாருங்கள். விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், யார் வேண்டுமானாலும் லட்சம் கேட்கலாம். விற்று முடிந்த விலைதான் விலை. இசைத்தட்டுக்கு டிஸ்காக்ஸ் தளத்திலும் பழைய விற்பனை விலை கிடைக்கும்.

#12 லீ பஜார்

வாத்தியார் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு ரூபாயில் தொடங்குவது எனக்கு ஒவ்வாது.

#13 மான்டஃபோர்ட் ரோடு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஏற்காட்டில் எங்களுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது. நல்ல ரகமாக ஒரு சின்ன லாட் பிரித்து வைத்திருக்கிறோம். அதை இப்படி ஆன்லைன் ஏலத்தில் போடலாமா?

#14 தட்டுவடை செட்

காபி தனிக் கதை. பெங்களூருவில் காபி வர்த்தகர் சங்கத்தின் ஏலம் இருக்கிறது, அது சாம்பிள் கொடுத்து, ருசி பார்த்து நடப்பது. சின்ன லாட்டை வறுப்பவர்களிடம் நேரடியாகக் கொண்டுபோவது நல்லது. தனி இழை தொடங்குங்கள், இங்கே கலக்க வேண்டாம்.

#15 செம்மடுவு

படங்கள் போட்டிருக்கிறேன். இரண்டு நாளாக மேலே ஒரே பனிமூட்டம், அதனால் வெளிச்சம் மந்தமாக இருக்கலாம். விளம்பரத்துக்கு வாசகமும் எழுதிப் பார்த்தேன்:

"அரிய பொக்கிஷம்! 1820களில் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்த கலெக்டர் காக்பர்ன் துரை காலத்து எஸ்டேட் வீட்டிலிருந்து கிடைத்த அபூர்வக் கேமரா, இசைத்தட்டுகள். நல்ல நிலையில் உள்ளன. விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது."

எப்படி இருக்கிறது?

#16 அஸ்தம்பட்டி ரேடியோ

பனிமூட்டம் படத்துக்கு வரம் அம்மா. நிழலே விழாத வெளிச்சம், சீட்டில் எழுத்து எல்லாம் படிக்க முடிகிறது. பிளாஷ் போட்டிருந்தால் கெட்டிருக்கும்.

வாசகம்தான் சரியில்லை. காக்பர்ன் காபி வைத்தது உண்மை. ஆனால் அவர் காலத்தில் கேமராவும் கிடையாது, இசைத்தட்டும் கிடையாது. வாங்குபவர் அதைப் படித்தவுடன் மற்றதையும் நம்ப மாட்டார். "எஸ்டேட் ரைட்டராக இருந்த தாத்தாவின் பெட்டி, ஏற்காடு, ஒரே குடும்பத்தில் இருந்தது" என்று எழுதுங்கள். அது உண்மை. சேகரிப்பவருக்கு அதுவே பெரிய விஷயம், வியாபாரி கை மாறாத பெட்டி என்று அர்த்தம்.

"அரிய", "அபூர்வ" இரண்டையும் வெட்டுங்கள். எல்லோரும் போடுவதால் யாரும் அதைத் தேடுவதில்லை.

#17 தட்டுவடை செட்

ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈபேயில் தலைப்புக்கு 80 எழுத்துதான். அதில் கம்பெனி, எண், பாடகர், மொழி, 78 என்பது வந்தால் போதும். ஆங்கிலத்தில் தமிழ் என்பதோடு தென்னிந்தியா என்பதையும் போடுங்கள், வெள்ளைக்காரர் அப்படித்தான் தேடுவார்.

"நல்ல நிலையில்" என்பது பதில் இல்லை. குறையை எண்ணி எண்ணிச் சொல்லுங்கள். முடி மாதிரி விரிசல் எங்கே, கீறல் நகத்தில் தட்டுப்படுகிறதா, ஓரம் சில்லுப் போயிருக்கிறதா, சீட்டில் யாராவது பேனாவால் எழுதியிருக்கிறார்களா. குறையைச் சொன்னால் விலை இறங்கும் என்று நினைப்பது தப்பு. தூரத்தில் இருப்பவர், நீங்கள் சொல்லாத இடத்தில் மோசமானதைத்தான் கற்பனை செய்துகொள்வார். சொல்லிவிட்டால் கற்பனை நின்றுவிடும், தைரியமாகக் கேட்பார். திருப்பித் தர முடியாது என்று நீங்கள் எழுதினாலும் வர்ணனைக்கு மாறாக இருந்தால் தளம் வாங்கியவர் பக்கம்தான் நிற்கும். குறைப் பட்டியல் உங்களுக்கே பாதுகாப்பு.

#18 கணக்கு வாத்தியார்

ஈபே 1995இல் தொடங்கியபோது முதலில் விற்றதே உடைந்த லேசர் பாயின்டர்தான், 14.83 டாலருக்கு. உடைந்தது என்று தெரியுமா என்று நிறுவனர் கேட்டாராம். தெரிந்துதான் வாங்கினேன், உடைந்ததைத்தான் சேர்க்கிறேன் என்று பதில் வந்ததாம். தைரியமாக எழுதுங்கள்.

#19 குகை நாணயம்

கேமரா படம் பார்த்தேன். லென்ஸுக்குப் பின்னாலிருந்து போன் டார்ச்சை அடித்து முன்னாலிருந்து ஒரு படம் எடுங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை தெரிந்தால் அது பூஞ்சை. 1,500 மீட்டர் உயரத்தில், இந்த ஈரத்தில், தோல் உறைக்குள்ளேயே கிடந்த லென்ஸில் பூஞ்சை இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். அந்த வியாபாரி கேமராவைக் கவனிக்காமல் விட்டதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். "பூஞ்சை உண்டு, ஷட்டர் திறந்து மூடுகிறது, காட்சிக்கு" என்று போட்டுவிடுங்கள்.

தபால்தலைகளில் பின்பக்கப் பசை ஒட்டிக்கொண்டவற்றைப் பிய்க்க வேண்டாம். பக்கத்தோடு படம் எடுத்து ஆல்பமாகவே போடுங்கள்.

#20 செம்மடுவு

பூஞ்சை இருக்கிறது. படமும் போட்டுவிட்டேன். கிராமபோன் தலையில் எந்தப் பெயரும் இல்லை, மேடைக்கு அடியில் புது ஸ்க்ரூ. ஐயா சொன்னதுதான் போலிருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இசைத்தட்டுகளை எப்படிப் பிரிப்பது? ஒவ்வொன்றாகவா, மொத்தமாகவா?

#21 அஸ்தம்பட்டி ரேடியோ

மொத்தமாகப் போட்டால் வியாபாரிதான் வருவார், அவர் 15,000 சொன்னவர்தானே. ஒவ்வொன்றாகப் போட்டால் சாதாரணத் தட்டுக்குத் தபால் செலவு தட்டின் விலையைத் தாண்டும், ஒன்று 200 கிராமுக்குக் கிட்ட வரும். நீங்கள் போட்ட படங்களில் நாகஸ்வரம் இரண்டு, நாடகப் பாட்டு ஐந்து, ஹாஸ்யம் ஒன்று, இவற்றைத் தனித்தனியாகப் போடுங்கள். சினிமாத் தட்டுகளைப் பாடகர் வாரியாக ஐந்தாறாகக் கட்டுங்கள். விரிசல் விட்டவற்றைத் தனிக் கட்டாக, விரிசல் என்று சொல்லியே போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் இறக்காதீர்கள். வாங்குகிறவர் அதே நாற்பது ஐம்பது பேர்தான், அவர்கள் பையில் ஒரே நாளில் எவ்வளவு இருக்கும்?

என் யோசனை, முதலில் நம் ஊர்க் குழுவில் சினிமாக் கட்டுகளைப் போட்டுக் கை பழகுங்கள். நாகஸ்வரத்தைக் கடைசியில் வெளியே எடுங்கள்.

#22 தட்டுவடை செட்

முடியும் நேரம் ரொம்ப முக்கியம். ஈபேயில் தொடங்கிய அதே மணிக்குத்தான் ஏலம் முடியும். நியூயார்க்கில் ஞாயிறு இரவு 9 மணி என்றால் நமக்குத் திங்கள் காலை 6.30, அங்கே குளிர்கால நேரம் வந்தால் 7.30. ஆகவே திங்கள் காலை எழுந்தவுடன் ஏழு நாள் ஏலமாகப் போடுங்கள். நம் குழுக்களில் மலேசியாக்காரர்களும் இருப்பதால் ஞாயிறு இரவு 7.30க்கு முடிப்பது நல்லது, அங்கே பத்து மணி. தீபாவளி வாரம், கிரிக்கெட் பைனல் எல்லாம் தவிருங்கள்.

#23 கணக்கு வாத்தியார்

குழுவில் போடும்போது இன்னொரு விதியும் கேட்டுக்கொள்ளுங்கள்: கடைசி ஐந்து நிமிடத்தில் விலைக் கேள்வி வந்தால் இன்னும் ஐந்து நிமிடம் நீளுமா? ஈபே மாதிரி மணி அடித்தவுடன் மூடினால் எல்லோரும் கடைசி நொடிக்காகப் பதுங்கியிருப்பார்கள். அமேசான் ஒரு காலத்தில் நடத்திய ஏலத்தில் கடைசிக் கேள்விக்குப் பிறகு பத்து நிமிடம் அமைதியாக இருந்தால்தான் முடியும். ராத், ஓக்கென்பெல்ஸ் என்ற இருவர் இரண்டையும் ஒப்பிட்டு 2002இல் எழுதினார்கள். பதுங்கல் ஈபேயில்தான் மிக அதிகம். நம் ஊர் ஏலக்காரர் "மூணு தரம்" என்பதற்கு முன் இழுத்து இழுத்து நிற்பாரே, அதற்கும் இதே காரணம்தான்.

#24 லீ பஜார்

பணம் விஷயம் யாரும் சொல்லவில்லை. யாராவது க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் வரும் என்றால் பிளாக் செய்துவிடுங்கள். பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. மாட்டிக்கொண்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள். வங்கிக் கணக்கில் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே பார்சல். ஸ்கிரீன்ஷாட் பணம் அல்ல.

#25 செம்மடுவு

ஒரு சேதி. அந்த வியாபாரி மறுபடி போன் செய்தார். குழுவில் என் படங்களைப் பார்த்துவிட்டாராம். கிராமபோன், கேமரா எல்லாம் வேண்டாம், தட்டுப் பெட்டிக்கு மட்டும் 32,000 தருகிறேன், ஏலத்தை நிறுத்திவிடுங்கள் என்கிறார். அம்மா கொடுத்துவிடலாம் என்கிறார். என்ன செய்ய?

#26 லீ பஜார்

ஏலம் தொடங்குவதற்கு முன் வந்து மொத்தமாகக் கேட்பவன் கணக்குப் போட்டுத்தான் வருவான். ஆனால் கையில் வரும் 32,000 சாதாரணம் இல்லை. உங்களுக்குத் தட்டுகளைக் கட்டி, அனுப்பி, கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல நேரம் இருக்கிறதா? இல்லை என்றால் கொடுங்கள், தப்பே இல்லை. அலைச்சலுக்கும் ஒரு கூலி உண்டு.

#27 தட்டுவடை செட்

ஏலத்தில் யாரும் விலை கேட்காத கட்டுகளை எப்படியும் அவரிடம் பேசலாம். ஒரு கட்டுக்கு விலைக் கேள்வி வந்த பிறகு மட்டும் நிறுத்தக் கூடாது, கேட்டவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? "குழுவில் இருக்கிறீர்களே, அங்கேயே கேளுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள்.

#28 செம்மடுவு

அப்படியே சொன்னேன். கொஞ்சம் முறுக்கிக்கொண்டார். முதல் இரண்டு சினிமாக் கட்டுகளைப் போட்டேன். ஒன்று 1,100க்கும் ஒன்று 1,850க்கும் போயின. இரண்டாவதில் கடைசி வரை ஏற்றி ஏற்றிக் கேட்டு விட்டுக்கொடுத்தவர் யார் தெரியுமா? அவரேதான்!

இப்போது கட்டி அனுப்ப வேண்டும். தபாலா கூரியரா?

#29 அஸ்தம்பட்டி ரேடியோ

எதில் அனுப்பினாலும் கட்டுவதில்தான் இருக்கிறது. மேலேயே கட்டிவிடுங்கள், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிய பிறகு சேலத்தில் கட்டலாம் என்று வெறும் பெட்டியில் கொண்டுவராதீர்கள். தட்டுக்கு ஒரு காகித உறை. இரண்டு தட்டுக்கு நடுவே ஓர் அட்டை. கட்டுக்கு மேலும் கீழும் தட்டைவிட ஒரு விரல் அகலம் பெரிதாக இரட்டை அட்டை, டேப் போட்டு ஆடாமல் இறுக்குங்கள். அதை ஒரு பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டியில் வைத்து, நாலு பக்கமும் கசக்கிய செய்தித்தாள் திணியுங்கள். குலுக்கினால் சத்தமே வரக் கூடாது. உடையும் பொருள் என்று எழுதுவதை நம்பி ஒரு அட்டையைக்கூடக் குறைக்காதீர்கள்.

#30 தட்டுவடை செட்

உள்நாட்டுக்கு ஸ்பீட் போஸ்ட் போதும், காப்பீடு சேர்த்துப் போடுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் தலைமை அஞ்சலகத்தில் ஏற்றுமதிப் படிவம் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். தொழிலாகச் செய்வதானால் ஏற்றுமதி எண்ணும் எடுக்க வேண்டும். அமெரிக்காவுக்கு முன்பு மாதிரி இல்லை. 800 டாலர் வரை இருந்த சுங்க விலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் போய்விட்டது. நம் அஞ்சல் துறையும் அமெரிக்கப் பார்சலைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்து, அக்டோபர் நடுவில்தான் திரும்ப எடுத்தது. வரி யார் கட்டுவது, எவ்வளவு என்று போடும் நாளில் பார்த்து, விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். தபால் செலவைக் குறைத்துக் காட்டி விலையில் ஏற்றுவது, விலையைக் குறைத்துத் தபாலில் ஏற்றுவது இரண்டும் வேண்டாம்.

#31 அஸ்தம்பட்டி ரேடியோ

நாகஸ்வரத் தட்டு விளம்பரம் பார்த்தேன், நன்றாக வந்திருக்கிறது. மறுபக்கப் படம் மட்டும் வரவில்லை. எனக்கே போன் செய்து நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

#32 செம்மடுவு

இப்போது சேர்த்துவிட்டேன் ஐயா, ஆறாவது படம். மறுபக்கத்தில் ஓரத்திலிருந்து ஒரு அங்குலத்துக்கு மெல்லிய விரிசல் இருக்கிறது, அதற்கு ஏழாவது படம். ஞாயிறு இரவு 7.30க்கு முடிகிறது, கடைசி ஐந்து நிமிடக் கேள்விக்கு நீட்டிப்பு உண்டு.